பிசினஸ் கிளாசில் சுத்தபோசனம்

பெரியநாயகம் விழுப்புரம் மாவட்டத்திலேயே அதிகம் கக்கூஸ் விற்றவர். அவர் இதை இப்படிச் சொல்ல மாட்டார். 'சானிட்டரிவேர் விற்பனையில் மாவட்ட முதலிடம்' என்பார். கேடயத்திலும் அப்படித்தான் பொறித்திருந்தது. திண்டிவனத்தில் கடை. வயது ஐம்பத்தாறு. தனக்கு முன்னால் யாரோ கொடி பிடித்துக்கொண்டு போவதைப் போன்ற நடை. கம்பெனிக்காரர்கள் அவரை டெல்லிக்கு வரவழைத்து, மூன்று நாள் சைவ ஓட்டலில் தங்கவைத்து, வேளாவேளைக்குப் பன்னீர் போட்டு, மேடையேற்றிக் கேடயம் கொடுத்து, ஊர் திரும்ப வெள்ளிக்கிழமை ராத்திரி விமானத்தில் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டும் கொடுத்தார்கள். போகும்போது சாதா டிக்கெட்தான். கேடயம் வாங்காத மனிதன் எப்படி வந்து சேர்ந்தால் என்ன என்று கம்பெனி நினைத்திருக்கலாம்.

டிக்கெட் விஷயம் ஊருக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கிளியனூர் ரோட்டில் இருக்கும் அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில், திருப்பலிக்கு முன் ஜெபக் கருத்துகளை வாசித்த உபதேசியார் பூமாலை, இரண்டு நினைவுத் திருப்பலிக்கும் ஒரு மூட்டுவலிக்கும் நடுவில், 'டெல்லியிலிருந்து விமானத்தில் உயர் வகுப்பில் பத்திரமாகத் திரும்பவிருக்கும் திரு. பெரியநாயகம் அவர்களுக்காக, குடும்பத்தார்' என்று வாசித்தார். டெல்லி போவதற்கென்று எந்த ஜெபமும் கேட்கப்படவில்லை. அது சாதா வகுப்பு.

இதை வெறும் பவுசு என்று தள்ளிவிட முடியாது. அவர் திரும்பிய மறுநாள் ஞாயிறு, கோயிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவைக்குத் தேர்தல். தலைவர் எப்போதும் பங்குச் சாமியார்தான், அதில் போட்டி இல்லை. துணைத் தலைவர் பதவிதான் மனிதர்களுக்கு. திருவிழாப் பத்திரிகையில் ஆயர் பெயர், சாமியார் பெயர், துணைத் தலைவர் பெயர் என்று வரிசையாக அச்சிட்டு, கடைசியில் 'மற்றும் பங்கு இறைமக்கள்' என்று முடிப்பார்கள். பெரியநாயகம் பிறந்த நாளிலிருந்து அந்த 'மற்றும்' என்ற சொல்லுக்குள்தான் குடியிருந்தார். இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றாயிற்று. இதிலும் தோற்றால் நான்காவது முறை நிற்க அவருக்கே கூச்சமாக இருக்கும்.

அவருடைய மூலதனம் கண்டிப்பு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் கறி தின்னக் கூடாது. மீன் ஆகும், முட்டை ஆகும், கறி ஆகாது. பழைய ஆட்கள் இதைச் சுத்தபோசனம் என்பார்கள். புதிய ஆட்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. போன வருஷம் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில், கோயிலில் வாசகம் வாசிக்கும் வாத்தியார் அந்தோணி பிரபு சிக்கன் ரைசோடு உட்கார்ந்திருந்ததைப் பெரியநாயகம் பார்த்தார். பார்த்ததோடு விடாமல் பேரவைக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். வாத்தியார், வெள்ளிக்கிழமை என்பதே மறந்துபோய்விட்டது என்றார். அந்தத் தவக்காலம் முடியும்வரை அவர் வாசகம் வாசிக்கக் கூடாது என்று முடிவானது. இந்த முறை துணைத் தலைவர் பதவிக்கு நிற்பது இரண்டே பேர். ஒருவர் பெரியநாயகம், இன்னொருவர் அந்த வாத்தியார்.

விமானத்தில் பெரியநாயகத்துக்கு முதல் வரிசை ஜன்னலோரம். பக்கத்தில் விழுப்புரம் கோதண்டபாணி, கம்பெனி கணக்கில் மாவட்டத்தின் இரண்டாவது கக்கூஸ். இருக்கை படுக்கையாக மாறும் என்று பெரியநாயகம் ஊரில் நாற்பது பேரிடமாவது சொல்லியிருந்தார். பொத்தானை அமுக்கிப் பார்த்தார். கொஞ்சம் சாய்ந்தது. இன்னும் அமுக்கினார். அவ்வளவுதான் என்று அது நின்றுவிட்டது.

"நம்மூரு செமி ஸ்லீப்பர் பஸ்ஸே இத விட நல்லா சாயும் சார்" என்றார் கோதண்டபாணி. அவருக்கு வாய் ஓய்வதில்லை. விமானம் கிளம்புவதற்குள் கழிவறைக்குப் போய்வந்து, முழுக்க ஸ்டீல், தண்ணீரே இல்லாமல் உறிஞ்சிக்கொள்கிறது, இந்தச் சரக்கு நம் பக்கம் வந்தால் நாம் இரண்டு பேரும் மல்லாட்டைக் கடலை விற்கப் போக வேண்டியதுதான் என்று அறிக்கை கொடுத்தார். பெரியநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிசினஸ் கிளாசில் கக்கூஸ் பேச்சு எடுப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்பதே முக்காலுக்குக் கிளம்ப வேண்டிய விமானம் பத்து ஐம்பதுக்குத்தான் கிளம்பியது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் சாப்பாடு பத்தரைக்கு வந்திருக்கும். அவரும் வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டு இன்னொரு பன்னீரைத் தின்றுவிட்டுத் தூங்கியிருப்பார். விமானப் பணிப்பெண் குனிந்து, பன்னீரா மட்டனா என்று கேட்டபோது மணி பதினொன்று நாற்பத்தொன்று. மூன்று நாள் தின்ற பன்னீர் போதும் என்று அவருக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை முடியப் பத்தொன்பது நிமிஷம்தான் இருக்கிறது. தட்டு வந்து சேர எப்படியும் ஐந்து நிமிஷம் ஆகும். மீதியை ஓட்டிவிடலாம். திருச்சபைச் சட்டப்படி நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. சனிக்கிழமை பிறந்த முதல் வினாடியில் தின்றால் அதில் குற்றம் காண எந்த ஆயராலும் முடியாது. 'மட்டன்' என்றார்.

கோதண்டபாணியும் மட்டன்தான். ஆனால் அவர் சனிக்கிழமை பெருமாளுக்காகக் கறி தொடாதவர். ஆகவே ஒருவருக்குப் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது, இன்னொருவருக்கு அதே பன்னிரண்டு மணிக்குச் சாத்தியது. தட்டு வந்ததும் கோதண்டபாணி கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

"ஜல்தியா முடிச்சிடணும் சார். நீங்க இன்னா, மூடியக்கூடத் தொறக்காம குந்திக்கினு கீறீங்க?"

பெரியநாயகம் தன் கணக்கைச் சொன்னார். கோதண்டபாணி மென்றுகொண்டே முழுவதையும் கேட்டார். உங்கள் சாமி இன்னும் பதினாலு நிமிஷம் விழித்திருப்பார், எங்கள் சாமி இன்னும் எழுந்திருக்கவில்லை, எப்படிப் பார்த்தாலும் இந்த ஆட்டுக்குத் தப்பிக்க வழியில்லை என்றார்.

காத்திருக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாமே என்று பெரியநாயகத்துக்கு ஒரு யோசனை வந்தது. கோதண்டபாணியை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். வெள்ளைத் துணி விரித்த தட்டும், கண்ணாடித் தம்ளரும், பின்னால் இருக்கையின் அகலமும் தெரிய வேண்டும். கறி தெரிய வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, மூடியை மட்டும் பாதி திறந்துவைத்தார். சிவப்பு எண்ணெய் மிதக்கும் குழம்பில் நான்கு துண்டுகள். ஸ்பூனைக் கையில் பிடித்துச் சிரித்தார். கோதண்டபாணி இடது கையால் படமெடுத்து, புளூடூத்தில் அவருக்கு அனுப்பிவிட்டு மறுபடி தட்டுக்குத் திரும்பினார். பெரியநாயகம் மூடியைச் சாத்தினார். படத்தை ஊருக்குப் போடப்போவது சனிக்கிழமை, ஆகவே சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று அதையும் யோசித்து வைத்திருந்தார்.

கோதண்டபாணியின் போன் காமிராவைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. கோதண்டபாணி அரசாங்கத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு கட்டும் கழிப்பறைகளுக்குச் சரக்குப் போடுபவர். கட்டி முடித்ததும் வீட்டுக்காரரைக் கதவருகே நிறுத்திப் படமெடுத்து அனுப்ப வேண்டும். படத்தின் அடியில் இடம், தேதி, நேரம் எல்லாம் அச்சாகியிருந்தால்தான் பில் பாஸாகும். அதற்கென்று ஒரு செயலி உண்டு. அவர் போனில் வேறு காமிராவே கிடையாது. பேத்தி பிறந்தநாளுக்கு எடுத்த படத்திலும் கேக்குக்குக் கீழே அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும்.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு விமானம் குலுங்கியது. முதலில் லேசாக, பிறகு திண்டிவனம் புறவழியில் வேகத்தடை தெரியாமல் ஏறிய லாரி மாதிரி. பெல்ட் விளக்கு எரிந்தது. கேப்டன் இந்தியில் ஏதோ சொன்னார். பணிப்பெண் வேகமாக வந்து தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். கோதண்டபாணியின் தட்டில் எடுக்க எதுவும் இல்லை. பெரியநாயகம் தன் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சோற்றைக்கூட அவர் தொடவில்லை, குழம்போடு தின்ன வைத்திருந்தார்.

"ஃபோர் மினிட்ஸ்" என்று நான்கு விரலைக் காட்டினார்.

அவள் மன்னிப்புக் கேட்டுச் சிரித்தபடியே தட்டை வாங்கிக்கொண்டு போனாள். பெரியநாயகத்திடமிருந்து பிடுங்கியதாகச் சொல்ல முடியாது. பிசினஸ் கிளாசில் பிடுங்க மாட்டார்கள், வாங்கிக்கொள்வார்கள். பன்னிரண்டு அடித்துச் சனிக்கிழமை பிறந்தபோது வானம் தெளிவாக, விமானம் ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தது. தட்டுகள் திரும்பி வரவில்லை. பன்னிரண்டரைக்கு ஒரு பாக்கெட் வறுத்த மல்லாட்டை வந்தது. கோதண்டபாணி அதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

சென்னையில் இறங்கியதும் இருவரும் கோதண்டபாணியின் காரில் ஏறினார்கள். பெருங்களத்தூர் தாண்டும்போது பெரியநாயகத்துக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது, ஆனால் பெருமை அதற்கும் மேலே இருந்தது. படத்தைப் பங்குக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'இறைவன் அருளால் சென்னை வந்தடைந்தோம். விமானத்தில் இரவு உணவு' என்று கீழே எழுதினார். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சனிக்கிழமை காலை மணி மூன்று. மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள் இருந்தது.

திண்டிவனத்தில் வீட்டு வாசலில் இறங்கியபோது மணி நாலே முக்கால். போன் கிணுகிணுத்தது. அந்தோணி பிரபு நாலரைக்கே எழுந்து பரீட்சைத் தாள் திருத்துகிற ஆள். ஒரே வரிதான் எழுதியிருந்தார்: 'வாழ்த்துகள் அண்ணே. படத்துக்குக் கீழ தேதி இருக்கு பாருங்க.'

பெரியநாயகம் விளக்கடியில் நின்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தின் அடியில், கழிப்பறைத் திட்டத்துக்குத் தேவையான அத்தனை விவரமும் இருந்தது. இடம் மட்டும் கிடைக்கவில்லை என்று போட்டிருந்தது. வெள்ளி, இரவு 11.46 என்பது தெளிவாகக் கிடைத்திருந்தது.

உடனே அழித்தார். அழிக்கும்போது, எல்லோருக்குமாகவா உங்களுக்கு மட்டுமா என்று போன் கேட்டது. நமக்குத்தானே அழிய வேண்டும் என்று அவசரத்தில் இரண்டாவதை அமுக்கினார். படம் அவர் போனிலிருந்து போய்விட்டது. மற்ற இருநூற்றுப் பதினோரு பேரிடமும் பத்திரமாக இருந்தது.

மனைவி லூசியா கதவைத் திறந்ததும் பசிக்கிறது என்றார். அவள் பானையிலிருந்து நேற்றைய சோற்றை எடுத்து மோர் ஊற்றி, எலுமிச்சை ஊறுகாய் வைத்தாள். பிசினஸ் கிளாசில் வந்த மனிதர் குனிந்த தலை நிமிராமல் இரண்டு முறை சோறு வாங்கியதைப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் போடவில்லையா என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். பத்தொன்பது நிமிஷக் கணக்கு, மூடி, போட்டோ, குலுக்கல், நான்கு விரல். தான் ஒரு துண்டுகூடத் தொடவில்லை என்பதையும், நாளைக்குக் கூட்டத்தில் அதை ஆதாரத்தோடு சொல்லிவிடலாம் என்பதையும், கோதண்டபாணியையே சாட்சிக்குக் கூட்டி வரலாம் என்பதையும் சொன்னார்.

லூசியா ஊறுகாய் ஜாடியை மூடினாள்.

"இத வெளிய சொல்லாதீங்க" என்றாள். "தின்னுட்டேன்னு சொன்னாக்கூட, பாவம், பசிச்சிருக்கும்னு உட்ருவாங்க. கறிய முன்னால வச்சிக்கினு கடியாரத்தப் பாத்துக்கினு குந்தியிருந்தேன்னு சொன்னீங்கன்னா, செத்து சொர்க்கம் போனாலும் சிரிப்பாங்க."

"உண்மை அதுதானே?"

"அதான் சொல்லாதீங்கன்றேன்."

சனிக்கிழமை முழுக்க அவர் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, எது குறைந்த அவமானம் என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தின்றேன் என்றால் பொய், ஆனால் ஆண்பிள்ளைத்தனமான பொய். தின்னவில்லை என்றால் உண்மை, ஆனால் அதோடு அந்தப் பதினாலு நிமிஷமும் சேர்ந்து வரும். முப்பது வருஷமாக ஊரைக் கண்டித்த மனிதர் வெள்ளிக்கிழமை எப்போது சாகும் என்று ஸ்பூனோடு காத்திருந்தார் என்பது வெளியே தெரிந்தால், திருவிழாப் பத்திரிகையில் 'மற்றும்'-க்குள்ளேயும் அவருக்கு இடம் இருக்காது. எப்படியும் தோல்வி நிச்சயம். லூசியா போட்ட கணக்குப்படி, படம் வெளிவருவதற்கு முன்பே அவருக்கு மொத்தம் பத்து ஓட்டுதான்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம். அன்பியம் என்ற தெருக்குழுக்களின் பிரதிநிதிகள் முப்பத்தாறு பேர், அவர்களுக்குத்தான் ஓட்டு. பின்வரிசையில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அவர்களோடு லூசியா. பங்குச் சாமியார் ஃபாதர் மாசிலாமணி இளவயதுக்காரர், சண்டை பிடிக்காதவர். தேர்தலுக்கு முன் ஒரு விஷயம் என்று ஆரம்பித்து, ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிப் பெரியநாயகம் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா, விரும்பாவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

பெரியநாயகம் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைப்பது அவர் வழக்கம். இன்று கனைக்கவில்லை.

"சாப்ட்டேன் ஃபாதர்" என்றார். "வெள்ளிக்கெழமன்னு தெரியும். தெரிஞ்சே சாப்ட்டேன்."

முப்பது வருஷத்தில் பெரியநாயகம் தன்மேல் ஒரு குற்றம் சொல்லி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் அந்தோணி பிரபுவைப் பார்த்தார்கள். ஒரு வருஷமாக அவர் காத்திருந்த நேரம் இது. வாத்தியாருக்கும் அது தெரிந்திருந்தது. சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் வேறு வைத்திருந்தார். எழுந்தவர் அதை வெளியே எடுக்கவில்லை.

"அண்ணன் இப்டி ஒட்ச்சி சொல்லுவாருன்னு நெனக்கல" என்றார். "போன வருசம் மறந்துட்டேன்னு சொன்னேன் இல்ல, அது பொய் ஃபாதர். எனக்கும் தெரிஞ்சிதான் இருந்துச்சி."

அதற்குப் பிறகு கூட்டம் சாமியாரின் கையில் இல்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து, வெள்ளிக்கிழமை வந்த சம்பந்தி வீட்டு வளைகாப்பைப் பற்றிச் சொன்னார். ஒரு பெண், பிள்ளைக்கு ஊட்டும்போது மீந்ததை எறிய மனம் வரவில்லை என்றாள். உபதேசியார் பூமாலையே எழுந்து, தன் மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தார் அங்காளம்மன் பக்தர்கள் என்றும், மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போனபோது அது வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது என்றும், இலையில் வைத்த கறியை வேண்டாம் என்றால் மகளுக்குப் பேஜாராகும் என்று தின்றுவிட்டதாகவும், ரொம்ப ருசியாக இருந்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது என்றும் சொன்னார். பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல வருஷமாகக் கிடைக்காத சரக்கெல்லாம் அந்த ஹாலில் கால் மணி நேரத்தில் வந்து குவிந்தது. ஃபாதர் மாசிலாமணி கையைத் தூக்கி, போதும் என்றார்.

சுடச்சுடக் கறியை முன்னால் வைத்துக்கொண்டு, பசியோடு, கடைசிவரை தொடாமல் வெள்ளிக்கிழமையைக் கடந்தவர் அந்த ஹாலில் ஒருவர்தான் இருந்தார். அவர் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். தான் பேசி முடித்ததும் எல்லோரும் தன்னை வெளியே போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்து, செருப்பு கிடந்த இடத்தைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

சீட்டு எழுதிப் போட்டார்கள். அந்தோணி பிரபுவுக்குப் பதின்மூன்று. பெரியநாயகத்துக்கு இருபத்து மூன்று. அந்த இருபத்து மூன்றில் ஒன்று அந்தோணி பிரபுவின் கையெழுத்து என்று, எண்ணும்போது பக்கத்தில் நின்ற பூமாலை பிற்பாடு சொன்னார்.

பொன்னாடை போர்த்தினார்கள். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இதுவரை எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போகும் ஆட்களெல்லாம் தோளில் கை போட்டார்கள். டீயும் மிக்சரும் வந்தன. பெரியநாயகம் நன்றியுரைக்காக வாயைத் திறந்தார், ஆனால் அதைக் கேட்க அங்கே யாருக்கும் விருப்பமில்லை. நாற்காலிகளை அவரைச் சுற்றி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அத உடுங்க" என்றார் பூமாலை. "அந்த ப்ளேன் கறி எப்டி இருந்துச்சி? எலும்போட குட்த்தானா, தனிக் கறியா?"

முப்பத்தாறு முகங்கள். பின்னால் ஜன்னலோரம் லூசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே திரும்பிக்கொண்டாள்.

பெரியநாயகம் டீ கிளாசைக் கீழே வைத்தார். மூடியைப் பாதி திறந்தபோது பார்த்த சிவப்பு எண்ணெயும் நான்கு துண்டுகளும்தான் அவரிடம் இருந்த மொத்தச் சொத்து. அதை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். எலும்பே இல்லை என்றார். காஷ்மீர்ப் பக்கத்து மசாலா, காரம் நாக்கில் இல்லை, தொண்டைக்குப் போன பிறகுதான் தெரியும் என்றார். சோறு ஒவ்வொரு பருக்கையும் ஒரு விரல் நீளம் என்று விரலைக் காட்டினார். போகப் போக அவருக்குப் பழைய குரல் திரும்பியது, கனைப்பும் வந்தது. ஆட்டின் வயதைச் சொன்னார். அது மேய்ந்த மலையைச் சொன்னார். ஃபாதர் மாசிலாமணி மெல்லத் தன் நாற்காலியை முன்னால் நகர்த்தி, கறி நன்றாக வெந்திருந்ததா என்று கேட்டார்.

"பல்லே தேவப்படல ஃபாதர்" என்றார் துணைத் தலைவர்.